மாமனார் வீட்டுத் தூக்கம்

பிஜனுக்கு விழிப்பு வந்துவிட்டது. உடம்புக்கு வரவில்லை.

மாமனார் வீட்டுக் கூடத்தில், கம்பளத்தின் மேல் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. கூரை தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றேகால் என்பதுகூடத் தெரிந்தது. கையை அசைக்கப் பார்த்தான், முடியவில்லை. கத்தப் பார்த்தான், தொண்டையில் காற்றே இல்லை.

கதவோரம் கறுப்பாக ஏதோ நின்றது. மெல்ல நகர்ந்து வந்து அவன் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தது. மூச்சு முட்டியது. இன்றோடு நம் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டான்.

தலைமாட்டில் 'டமார்' என்று ஒரு பித்தளைத் தட்டு விழுந்தது.

"அசைய மாட்டேங்கறானே!" என்றது ஒரு குரல்.

"பொணம்கூட இந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்கும்," என்றது இன்னொன்று.

முதலாவது மாமனார் நாதெரின் குரல் மாதிரி இருந்தது. இரண்டாவது அக்தர் சித்தி. வீட்டு மனிதர்களின் குரலிலேயே பேசுகிறதே, படுபாவிப் பேய் என்று பிஜன் உள்ளுக்குள் நடுங்கினான்.

ஒரு நிமிஷம் கழித்து உடம்பு திரும்பி வந்தது. துள்ளி எழுந்து உட்கார்ந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எதிரில் நாதெர் தேநீரோடு நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல தூக்கமா மாப்பிள்ளை?"

"அருமையான தூக்கம் மாமா."

"ஏதாவது சத்தம் கித்தம் கேட்டுதா?"

"ஒண்ணுமே கேக்கலையே!"

நாதெரின் முகம் தொங்கிப்போனது. ஏன் என்று பிஜனுக்குப் புரியவில்லை.

ஈரானின் காஷான் ஊரில் பிஜன் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலைக்காரன். ஊர் தூங்கும்போது எழுந்து, ஊர் எழும்போது கண் சொருகுகிறவன். அப்படிப்பட்டவர்களைத்தான் பக்தக் என்கிற பேய் தேடி வந்து நெஞ்சில் ஏறி அமுக்கும் என்று கடையில் எல்லாரும் சொன்னார்கள். நாதெரின் மகள் பரஸ்துவுக்கும் அவனுக்கும் திருமணப் பத்திரம் எழுதியாகிவிட்டது. விருந்து வைத்துப் பெண்ணை அனுப்புவது அடுத்த மாதம். அதுவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டதும் கட்டாயத் தூக்கம். கண்ணைத் திறந்துகொண்டு கட்டை மாதிரிக் கிடக்கிற மாப்பிள்ளையைக் கண்டால், பேய் பிடித்தவன் என்று நாதெர் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார். பரஸ்துவை இழந்துவிடுவோமோ என்கிற பயம் பக்தக்கைவிடப் பெரிதாக அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று போன் செய்தான்.

"பரஸ்து, தூங்கறப்போ எனக்கு ஒரு மாதிரி..."

"தூக்கத்தைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க!" என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று பிஜன் நினைத்துக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தூங்குவதே இல்லை என்று முடிவு செய்தான். சாப்பாட்டில், குடித்தால் தூக்கம் வரும் என்று, புதினா மோரைத் தொடவில்லை. தேநீரை மட்டும் ஐந்து கோப்பை குடித்தான்.

"எனக்குத் தூக்கம் வரலை மாமா."

"அதெப்படி வராம போகும்? எங்க வீட்டுக் கம்பளம் குத்துதா?"

"படுத்துக்கோங்க தம்பி," என்றாள் அக்தர் சித்தி. தாயில்லாத பரஸ்துவை வளர்த்தவள் அவள்தான். அந்த வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான். "தூங்காத மாப்பிள்ளை எங்களுக்கு எதுக்கு?"

படுத்தான். இரண்டு நாளாகப் பயத்தில் தூங்காமல் இருந்த கண், தேநீரை மதிக்கவில்லை. பக்தக் இரண்டு தடவை வந்தது. தட்டு மூன்று தடவை விழுந்தது. நடுவில் யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். துடைக்கக்கூட முடியவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் ஓடினான்.

"பேயும் இல்ல, பெரிய வியாதியும் இல்ல," என்றார் அவர். "கனவுல நீங்க எழுந்து ஓடிடக்கூடாதுன்னு மூளை உடம்பைப் பூட்டி வைக்கும். உங்களுக்கு விழிப்பு முன்னாடியே வந்துடுது. பூட்டு தொறக்கக் கொஞ்சம் நேரமாகுது. அவ்வளவுதான்."

"நெஞ்சு மேல உக்காருதே டாக்டர்?"

"பாதிக் கனவு."

"குரல் கேக்குதே?"

"அதுவும் கனவுதான்."

"தட்டு விழுதே?"

"தட்டும்தான். சரியா தூங்காதவங்களுக்கு இது நிறைய வரும். தூக்கத்தைக் குறைக்காதீங்க. மல்லாந்து படுக்காதீங்க. வந்துட்டா பயப்படாம மெதுவா மூச்சு விட்டு, கால் கட்டைவிரலை மட்டும் அசைச்சுப் பாருங்க. மத்ததெல்லாம் தானா வரும்."

அருமையான யோசனை. ஆனால் தூக்கத்தில் புரளாமல் எப்படி இருப்பது? பிஜன் தன் பனியனின் முதுகில் ஒரு பை தைத்து, அதில் ஓட்டோடு நாலு வால்நட்டுகளைப் போட்டுக்கொண்டான். மல்லாந்தால் குத்தும், எழுந்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை ஒருக்களித்துத்தான் படுத்தான். தூக்கத்தில் மல்லாந்தான். வால்நட்டுகள் குத்தின, விழிப்பு வந்தது, உடம்பு மட்டும் வரவில்லை. அவன் கனத்தில் நாலும் ஒன்றன்பின் ஒன்றாகப் படபடவென்று உடைந்தன.

"ஐயையோ, முதுகெலும்பு!" என்று நாதெரின் குரல் அலறியது.

"எலும்பு நொறுங்குது, அப்பவும் முழிக்க மாட்டேங்கறானே!" என்று சித்தியின் குரல் அழுதது.

எல்லாம் கனவு, எல்லாம் கனவு என்று வலியோடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டான் பிஜன்.

கிளம்பும்போது நாதெர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வெள்ளி கடைசியா ஒரு தடவை வந்து தூங்குங்க. அப்புறம் உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்." அவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. பத்திரம் கிழியப்போகிறது என்று பிஜனுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த வாரம் அவன் போட்ட ரொட்டிகளில் பாதி கருகின.

மாவு பிசைகிற யதுல்லா கேட்டான்: "என்னடா, காதலா, கடனா?"

பிஜன் சொல்லிவிட்டான்.

"டாக்டருக்கு என்னடா தெரியும் பக்தக்கைப் பத்தி? அதோட மூக்கு களிமண்ணு. பட்டுன்னு மூக்கைப் பிடிச்சுடு. எங்க பிஞ்சு வந்துடுமோன்னு அலறும். விடாதே, 'புதையல் எங்கே'ன்னு கேளு. சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம ஓடிடும்."

"நிஜமா பிடிச்சவங்க யாராவது இருக்காங்களா?"

"பிடிச்சவன் எவனாவது மாவு பிசைஞ்சுக்கிட்டு இருப்பானா?"

பதில் நியாயமாகத்தான் பட்டது.

கடைசி வெள்ளிக்கிழமை. பரஸ்து பரிமாறினாள், அவனை ஏறிட்டே பார்க்கவில்லை. அக்தர் சித்தி சாப்பாட்டுக்கு வரவில்லை. விருந்தில் புது மூக்கோடு நிற்க வேண்டும் என்று அந்த வாரம் மூக்கை அறுவை செய்து சின்னதாக்கிக்கொண்டாளாம், உள்ளறையில் படுத்திருக்கிறாளாம். பிஜனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஒருக்களித்துப் படுத்து, பரஸ்துவின் பேரை முணுமுணுத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

வந்தது.

கதவோரம் நின்றது, நகர்ந்தது, அமுக்கியது. பிஜன் டாக்டரம்மாவை நினைத்துக்கொண்டான். மெதுவாக மூச்சு விட்டான். கால் கட்டைவிரல்... அசைந்தது! பாதம் அசைந்தது. விரல்கள் வந்தன, கை வந்தது.

அப்போது அது அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தது. கறுப்பு முக்காடு, வீங்கிய கண்கள், நடுவில் வெள்ளை வெளேரென்று மூக்கு. களிமண்ணேதான்!

பிஜன் பட்டென்று பிடித்துத் திருகினான். "புதையல் எங்கே? சொல்லு!"

"ஐயோ, என் மூக்கு!"

அந்த அலறலில் நாதெர் ஓடிவந்தார். பரஸ்து சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். பிஜனின் கையில் ஒரு துண்டு பிளாஸ்திரி இருந்தது. எதிரே அக்தர் சித்தி முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், போடுவதற்குத் தயாராக, ஒரு பித்தளைத் தட்டு.

இனி மறைக்க ஒன்றுமில்லை. பிஜன் விம்மிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். "எனக்குத் தூக்கத்துல உடம்பு கட்டிப்போகுது மாமா. கண் தொறந்திருக்கும், அசைய முடியாது. பேய் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, ஆனா பயமா இருக்கு. பரஸ்துவை மட்டும் எங்கிட்டயிருந்து பிரிச்சுடாதீங்க!"

நாதெர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பரஸ்து முகத்தை மூடிக்கொண்டாள்; தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

அக்தர் சித்தி மூக்கிலிருந்து கையை எடுக்காமலே கத்தினாள்:

"சின்னச் சத்தத்துக்கே எழுந்திருக்கற மாப்பிள்ளையா வேணும்னுதான்டா வாரா வாரம் உன் தலைமாட்டுல தட்டைப் போட்டுப் பாத்தோம், ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல பக்தக் அமுக்கினா எங்க பொண்ணை எவன்டா எழுப்புவான்?"