கம்ப்ரசர் மேல் முதல் பரிசு

எனக்குத் தெரிந்து, பூமியில் கால் வைக்க பேலன்ஸ் அளவுக்கு யோசித்த மனிதர் நாமக்கல் மாவட்டத்தில் மட்டுமல்ல, இந்தியாவிலேயே கிடையாது. நாமெல்லாம் காலையில் எழுந்ததும் எதையும் யோசிக்காமல் காலைக் கீழே வைத்துவிடுகிறோம். பேலன்ஸ் கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன் தரையை இரண்டு முறை பார்ப்பார் என்று ஊரில் சொல்வார்கள். ஊரில் சொல்வதில் பாதியை நான் நம்புவதில்லை. இதை நம்பினேன்.

பேலன்ஸ் என்பது ஊர் வைத்த பெயர். உண்மையான பெயர் அவருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டுமே தெரியும். ரயில்வே கேட் மூடியிருந்தால் எல்லோரும் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றுவார்களா இல்லையா? இவர் மாட்டார். அக்காவின் மெஸ்ஸுக்கு வாங்கிய நாலு தட்டு முட்டையை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு, ஹேண்டிலை ஒரு பக்கமாக ஒடித்து, இரண்டு காலையும் மேலேயே வைத்தபடி அசையாமல் நிற்பார். சரக்கு ரயில் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கும். லாரி டிரைவர்கள் தலையை வெளியே நீட்டி, "அண்ணா, எறங்கி ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போங்கண்ணா" என்பார்கள்.

"இங்கயே குடுத்தனுப்பச் சொல்லுங்க" என்பார். அங்கேயே குடிப்பார். ஒரு முட்டைகூட விரிசல் விட்டதில்லை.

நான் லாரி இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்து பைல்களோடு குப்பை கொட்டியவன். வேலையின் கடைசி சில வருடங்களுக்கு என்னை நாமக்கல்லுக்கு மாற்றினார்கள். மனைவி தவறிப்போய், மகள் பெங்களூரில் குடியேறியிருந்த சமயம். பேலன்ஸின் பட்டறைக்கு மேலே ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. அவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு வெல்டிங் செய்கிறவர். வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது. குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினார்.

"ஏனுங்க சார், இன்னைக்கு வேல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லையேப்பா."

"கண்ணு நல்லாத் தெரீமுங்களா?"

"கண்ணாடி போட்டா தெரியும்."

"வெரலு அஞ்சும் மடங்குமுங்களா?"

ஏதோ மருத்துவ முகாமுக்கு ஆள் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். மடங்கும் என்றேன். "அப்ப வாங்க" என்று ஊருக்கு வெளியே ஒரு கரட்டுக்குக் கூட்டிப்போனார். வெறும் பாறைக் குன்று. நடுவில் ஒரு வெடிப்பு. ஆடு ஏறும், நான் ஏற மாட்டேன். அதில் அவர் மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

இதற்கு டிரையல்ஸ் என்று பெயராம். மத்தியப் பிரதேசத்துக் காட்டில் ரிக் வண்டியோடு போய்க் கிடந்த மாதங்களில், வேலையில்லாத நேரத்தில் போனில் பார்த்து வந்த வினை. வேகத்துக்கு இதில் வேலையே இல்லை. பாறை மேல் நடப்பதை விட மெதுவாக வண்டியை ஏற்ற வேண்டும், ஆனால் கால் தரையில் படக்கூடாது. ஒரு முறை ஊன்றினால் ஒரு பாயின்ட். இரண்டு முறைக்கு இரண்டு. அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் மூன்று. விழுந்தால் ஐந்து. குறைவாக வாங்கியவன் ஜெயித்தவன். இதைக் கண்கொட்டாமல் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஊன்றிய கணக்கை விரலால் காட்ட வேண்டும். ஊன்றவே இல்லையென்றால் கையை மூடி மேலே தூக்க வேண்டும். என் கண்ணையும் விரலையும் விசாரித்தது இதற்குத்தான்.

இந்த விளையாட்டின் பொருளாதாரம் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயங்களை நிதியமைச்சர் கேட்டிருந்தால் ராஜினாமா செய்திருப்பார். "வேகமாப் போறவனுக்குத்தான் சார் கம்பெனிக்காரன் வெளம்பரம் குடுக்கறான். அவன் சர்ருனு போனா வண்டில என்ன எழுதியிருக்குதுன்னு எவனுக்குத் தெரீது? நம்ம வண்டில எழுதுனா நின்னு நெதானமா எழுத்துக் கூட்டிப் படிக்கலாமுங்க. அந்த ரோசன ஒருத்தனுக்கும் வல்லீங்களே!"

உதிரி பாகம் என்று பேச்செடுத்தால் இன்னும் மோசம். "வெளிநாட்டுக் கிளட்ச்சுக்குச் சொல்ற வெலைக்கு ஒரு கெடேரி புடிச்சுக் கட்டலாமுங்க. அது நாளைக்குப் பாலாச்சும் கறக்கும்." அதனால் பழைய நூறு சிசி வண்டி ஒன்றை வாங்கி, தானே அறுத்து, தானே ஒட்டினார். டேங்க் ஒரு சொம்பு அளவு. டயரில் பேருக்குத்தான் காற்று இருக்க வேண்டும், அப்போதுதான் பாறையைப் பிடிக்குமாம். பஞ்சர் கடைக்காரர், "இந்தக் காத்துக்கு என்ற மிஷின் எதுக்குங்க? நீங்களே வாயில ஊதிக்கோங்க" என்று கோபித்துக்கொண்டார்.

முக்கியமாக, அந்த வண்டிக்கு சீட் கிடையாது. நின்றுகொண்டே ஓட்டும் வண்டிக்கு சீட் எதற்கு என்று அறுத்துப் போட்டுவிட்டார். அந்த சீட்தான் அவர் வாழ்க்கையில் விளையாடியது. எடப்பாடிப் பக்கமிருந்து ஒரு குடும்பத்தார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகப் போனது. பெண்ணின் அப்பா பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த வண்டியின் முன்னால் நின்றார்.

"ரிப்பேருக்கு வந்த வண்டிங்களா?"

"இல்லீங்க மாமா, என்றதுங்க. இதான் முழு வண்டி."

"அப்ப புள்ள எங்க உக்காரும்?"

"இதுல ஒருத்தருதானுங்க" என்றார் பேலன்ஸ், மகா உண்மையாக.

அவர்கள் காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. சாயங்காலம் மாடிக்கு வந்து படியில் உட்கார்ந்தார். "மொபெட்டு ஒண்ணு இருக்குதுன்னு சொல்லியிருக்கலாமுங்க சார். அப்பத் தோணலீங்க." நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மறுநாள் காலையில் இறங்கிப்போனபோது, மூலையில் கிடந்த அந்தப் பழைய சீட்டைத் துடைத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். அதற்குப் பிறகு அந்த விஷயம் பேசி நான் சிரித்ததில்லை.

அடுத்து, போட்டி. மாவட்டத்தின் முதல் டிரையல்ஸ் போட்டி என்று டீக்கடை, லாரி ஸ்டாண்டு எல்லாம் நோட்டீஸ் ஒட்டினார். மூன்று கப் வாங்கினார். நோட்டீஸ் பார்த்து இரண்டு பேர் போன் செய்தார்கள். ஒருவர் பழைய டயர் கிடைக்குமா என்று கேட்டார். மற்றவருடையது ராங் நம்பர். அந்த ஞாயிற்றுக்கிழமை கரட்டுக்கு வந்து சேர்ந்தது போட்டியாளர் ஒருவர், நடுவர் ஒருவர், ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர், ஆடுகள் பல.

பேலன்ஸ் ஏறினார். வெடிப்பு வரைக்கும் தேர் மாதிரி போனார். வெடிப்பில் வலது கால் ஒரே ஒரு தடவை தரையைத் தொட்டது. நான் ஒரு விரலைக் காட்டினேன். பரிசளிப்பு விழாவில் அவர் இரண்டாம் பரிசை எடுத்துக்கொண்டார்.

"முதல் பரிசு யாருக்குப்பா?" என்றேன்.

"ஆரும் வாங்கலீங்க."

"நீ ஒருத்தன்தானே வந்தே!"

"அதுக்காவுங்க? காலு ஊனுனவனுக்கு மொதோ எடம் குடுத்துப்போட்டா, ஊனாம வாரவனுக்கு நாளைக்கு என்னத்தச் சார் குடுப்பீங்க?"

ஆடு மேய்க்கும் அம்மா விடவில்லை. "என்ற ஆடுந்தான் மேல ஏறுச்சு. அதுக்கு ஒண்ணுமில்லியா சாமி?" பேலன்ஸ் தீர யோசித்தார். "உங்க ஆடு நாலு காலயும் ஊனித்தான் ஏறுச்சுங்க ஆத்தா. அது மூணாவது" என்று மூன்றாம் கப்பைக் கொடுத்துவிட்டார். முதல் கப் பட்டறையில் கம்ப்ரசர் மேல், ஒரு பனியன் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது. எப்போதும் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கரடுதான். ஊன்றாமல் ஒரு தடவை, நான் பார்க்க ஒரு தடவை ஏறிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. இந்தப் பக்கம் அந்த விளையாட்டு தெரிந்த இன்னொரு ஆள் கிடையாது. தோற்கடிக்கக்கூட ஆளில்லாமல் ஒரு மனிதர் விளையாடிக்கொண்டிருந்தார். "போனை நிறுத்தி வச்சு வீடியோ எடுத்துக்கயேன்பா" என்று ஒரு நாள் வெயில் தாங்காமல் சொன்னேன்.

"போனு பாக்குமுங்க சார். கையத் தூக்குமுங்களா?"

நான் மறுபடி குடையை விரித்துக்கொண்டு என் கல்லில் உட்கார்ந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு அது நடந்தது. அன்று மூன்று தடவை ஏறி, மூன்று தடவையும் ஊன்றியிருந்தார். நான்காவது தடவை வண்டி கிளம்பியபோது என் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். யாரோ ஒரு புண்ணியவான் ரோஜாப்பூ படம் போட்டு காலை வணக்கம் அனுப்பியிருந்தான். பதிலுக்கு ஒரு ரோஜாப்பூ தேடினேன். தலை நிமிர்ந்தபோது இன்ஜின் நின்றிருந்தது. பேலன்ஸ் உச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததுமே, ஊன்றாமல் ஏறிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையை மூடி மேலே தூக்கினேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தார். "பாத்தீங்களா சார்?"

"பார்த்தேன்பா. ஊன்றவே இல்ல."

"அந்த வெடிப்புல வண்டி எந்தப் பக்கஞ் சாஞ்சுதுங்க?"

"இடது பக்கம். லேசா."

குனிந்து டயரில் ஒட்டியிருந்த கல்லைத் தட்டிவிட்டார். "சாயவே இல்லீங்க சார்" என்றார்.

இன்சூரன்ஸ் வேலையில் எத்தனையோ பேருடைய பொய்யைக் கண்டுபிடித்திருக்கிறேன். என் பொய் ஒரே கேள்வியில் அகப்பட்டுவிட்டது. "பரவால்லீங்க, மறுக்கா ஏறிக்கலாம்" என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். கப் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த வாரங்களிலும் ஏறினார். ஒவ்வொரு தடவையும் வெடிப்பில் கால் தரையைத் தேடியது. நான் ஓய்வு பெற்று, என் சொந்த வீடு இருக்கும் சேலம் அம்மாபேட்டைக்கே திரும்பிவிட்டேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டில் இருந்து பார்த்தேன். சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்தால் பகல் முழுவதும் மின்விசிறியும் நானும்தான். மூன்றாவது ஞாயிறு, கோயில் வாசலிலிருந்து நேராகப் பஸ் ஏறி, அவரிடம் சொல்லாமல் கரட்டுக்குப் போனேன். பேலன்ஸ் பாறையில் பாதி ஏறியிருந்தார். வெடிப்பில் ஊன்றினார், மறுபடி ஊன்றினார், எப்படியோ உச்சிக்குப் போனார். போய், திரும்பி, நான் வழக்கமாக உட்காரும் கல்லைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஆனாலும் பதில் வரும் என்பது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டு மந்தைக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினேன்.

"மூணுங்க சார்!" என்று கரடே அதிரக் கத்தினார். "அடீல ஒருக்கா ஊனுனத நீங்க பாக்கலீங்க!"

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். முதல் கப் இன்னும் கம்ப்ரசர் மேல்தான் இருக்கிறது. பூசையில் மண்டியிடும்போதெல்லாம், பேலன்ஸ் கால் ஊன்றாமல் ஏறுவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அவசரமில்லை ஆண்டவரே என்றும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தக் கப்பை அவர் எடுத்துக்கொண்டுவிட்டால், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போவது?