விரல் படாத வைத்தியம்

எங்கள் கஸ்டாராவில் வலை இழுக்கக் கூப்பிட்டால் நாலு ஆண்கள் வருவார்கள். அதிலும் ஒருவனுக்கு இடுப்பு பிடித்திருக்கும். அப்படிப்பட்ட ஊரில், கடற்கரைப் பாதாம் மரத்தடியில், விடிவதற்கு முன்பே ஆண்கள் வரிசை கட்டி நின்றார்கள். டொபேகோத் தீவின் மீசைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

காரணம், மரத்தில் தொங்கிய பலகை. "விரல் இல்லை. ஊசி இல்லை. புரோஸ்டேட் புற்றை அடக்கும் மரபணு மேதை, புரொபசர் ஒபிடையா."

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழே இருக்கும் சின்னச் சுரப்பி. அதில் புற்று இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் ரத்தம் எடுப்பார். கையுறை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக ஒரு விரலால் தொட்டும் பார்ப்பார். சுறாவோடு மல்லுக்கு நிற்கும் எங்கள் ஆட்கள் அந்த ஒற்றை விரலுக்கு நடுங்கினார்கள். ஆண்மை முழுவதும் அங்கேதான் குடியிருக்கிறது போலும். புரொபசருக்கு அந்த நடுக்கம்தான் முதலீடு.

மரத்துக்கு எதிரே ரம் கடை நடத்துகிறவன் நான். என்னைப் பார்த்ததும் வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு பொய் சொன்னார்கள்.

"முட்டி வலிக்குதுப்பா, அதான் வந்தேன்."

"நான் சும்மா, எங்க மாமாவுக்குத் துணைக்கு."

மாமாவைக் கேட்டேன். அவர் மருமகனுக்குத் துணையாம்.

வைத்தியத்தைக் கேளுங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் புரொபசர் சோரல் தண்ணீர் ஊற்றுவார். கிறிஸ்துமஸுக்குப் பூவைக் காய்ச்சிக் குடிக்கிறோமே, அதே சிவப்புத் தண்ணீர். வந்தவர் அதில் துப்ப வேண்டும். புரொபசர் கண்ணை மூடி, நீள நகம் வளர்த்த சுண்டுவிரலால் கலக்குவார். சிவப்பாகவே இருந்தால் மரபணு தூங்குகிறது. நீலமானால் விழித்துக்கொண்டது, புற்று எலும்புக்குப் புறப்படப் போகிறது. தூங்கினால் சின்னப் புட்டி மருந்து, விழித்தால் பெரிய புட்டி. வெறுங்காலோடு வந்தவனுக்குச் சிவப்பு. சொந்தப் படகு உள்ளவனுக்கு நீலம். ஆளின் வசதி மரபணுவுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு மீசையும் கேட்கவில்லை.

மற்றவர்களுக்கு வெறும் பயம். படகுக்காரன் லிஸ்டனுக்கு உண்மையிலேயே புற்று இருந்தது. ஸ்கார்பரோ பெரிய ஆஸ்பத்திரியில் ஊசியால் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்திருந்தார்கள். பிறவியிலேயே அவன் மரபணுவில் ஒரு பிசகு இருக்கிறது, இந்த மாதிரிப் புற்று வேகமாகப் பரவலாம், இன்னும் பரவவில்லை, வியாழக்கிழமை வந்து சிகிச்சையைத் தொடங்கு என்றார் டாக்டரம்மா. லிஸ்டன் நேரே புரொபசரிடம் வந்தான். முதல் நாள் நீலம். பெரிய புட்டியைக் குடித்துவிட்டு வந்ததும் சிவப்பு.

அவனைத் தேடி அவன் தங்கை வெர்லின் என் கடைக்கே வந்துவிட்டாள். தேவாலயப் பாடகர் குழுவில் அவள் குரல்தான் கூரையைத் தொடும்.

"அண்ணே, வியாழக்கிழம போறியா இல்லியா?"

"எதுக்கு? தூங்குதுன்னு புரொபசரே சொல்லிட்டாரு. ஊசி குத்தினதாலதான் அது முழிச்சுதாம்."

"மரபணுவுல பிசகுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே?"

"அது அப்பன் வழியாத்தான் வருமாம். நம்ம அப்பா தொண்ணூறு வயசுலயும் டோமினோ ஆடினாரு. எனக்கு எங்கேருந்து வரும்?"

"அம்மாகிட்டேருந்து."

"போடி. அம்மாவுக்கு ஏது புரோஸ்டேட்டு?"

"அம்மா எதுல போனாங்க? மார்புப் புத்துல. ரெண்டுக்கும் காரணம் அதே பிசகா இருக்கலாம்னு டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாங்க. நீ அப்ப ஃபேனப் பாத்துட்டு இருந்த."

லிஸ்டன் டோமினோ மேசைக்குத் திரும்பிவிட்டான். வெர்லினுக்குக் கண் கலங்கியது. அம்மாவைக் கடைசி வரைக்கும் தூக்கி உட்கார வைத்தவள் அவள்தான். இருக்கிற ஒரே அண்ணனையும் ஒரு கிண்ணத்துக்குப் பறிகொடுக்க அவளுக்கு மனமில்லை.

வெட்கப்படும் ஆண்களுக்குப் புரொபசர் ஒரு சலுகை வைத்திருந்தார். எச்சிலைப் புட்டியில் பிடித்து வீட்டுப் பெண்களிடம் கொடுத்தனுப்பலாம். புதன்கிழமை காலை வெர்லின் மிளகாய்ச் சாஸ் புட்டியோடு வரிசையில் நின்றாள். காதில் தேவாலயத்துக்குப் போடும் தங்கத் தோடு.

"யாரோடதும்மா?"

"எங்கண்ணன் லிஸ்டனோடது. எதுக்கும் இன்னொருவாட்டி பாத்துடலாம்னு."

புரொபசர் தோட்டைப் பார்த்தார். கண்ணை மூடினார். கலக்கினார். நீலம்.

"அடடா, லிஸ்டனுக்கு முழிச்சிடுச்சும்மா. புரோஸ்டேட்ட விட்டுக் கிளம்பி முதுகெலும்புல ஏறிடுச்சு. மூணு பெரிய புட்டி இருந்தா இறக்கிடலாம்."

என் கடைக்குள்ளிருந்த லிஸ்டன் கையிலிருந்த டோமினோவைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். முகத்தில் ரத்தமில்லை.

"போன வாரம் தூங்குதுன்னியேய்யா?"

வெர்லின் பாடகர் குழுக் குரலை எடுத்தாள். "பயப்படாதண்ணே, அது என் எச்சில். புரொபசர், என் புரோஸ்டேட்டு எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க. இத்தன வருஷமா நானே பாத்ததில்ல."

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. முட்டி வலிக்காரர் குதித்தே விட்டார். ஆனால் புரொபசர் லேசுப்பட்ட ஆளா?

"குடும்ப ரத்தம் ஒண்ணுதானேம்மா. தங்கச்சி எச்சில்ல அண்ணன் வியாதி தெரியும்."

பாதி மீசைகள் தலையாட்டின. எங்கள் ஊர்த் தலைகளுக்கு அது ஒன்றுதான் வேலை.

"சரி, அப்ப எச்சிலே வேணாம்." வெர்லின் என் கடை ஜாடியிலிருந்து புதுக் கிண்ணத்தில் சோரலை ஊற்றினாள். "கலக்குங்க."

"இது வெறும் சோரல்மா."

"அதான். சோரலுக்கு வியாதி இருக்கான்னு பாப்போம்."

"இப்ப வேள சரியில்ல." புரொபசரின் கை சட்டைப் பைக்குள் போனது.

வலை இழுத்துக் காய்த்த கை ஒன்று அதை வெளியே இழுத்தது. லிஸ்டன் புரொபசரின் மணிக்கட்டைப் பிடித்து, சுண்டுவிரலைக் கிண்ணத்துக்குள் அமுக்கினான். நகத்துக்கடியிலிருந்து நீலம் மெல்லப் பரவியது.

மீசைகள் எல்லாம் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தன. பிறகு முட்டி வலிக்காரர் சொன்னார்: "போச்சுடா, சோரலுக்கும் எலும்புல ஏறிடுச்சு."

நகத்துக்குள் இருந்தது ரொட்டிக்குப் போடும் சோடா உப்பு; அது பட்டால் எந்தச் சோரலும் நீலமாகும். வாங்கிய புட்டிகளையெல்லாம் ஊர் அவர் தலையிலேயே கவிழ்த்தது. மரபணு மேதை வாழைத்தோட்டம் வழியாக ஓடிய வேகத்தில் எந்தப் புற்றும் பரவியிருக்காது.

வியாழக்கிழமை ஸ்கார்பரோ வேனில் லிஸ்டன் ஏறினான். வெர்லின் அவன் கையை விடவில்லை. பின் இருக்கையில் முட்டி வலிக்காரர், மாமா, மருமகன். இந்த முறை யாரும் பொய் சொல்லவில்லை.

"வலிக்குமா லிஸ்டன்?" என்று மாமா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"அந்தாளு சுண்டுவிரல் அளவுக்கு வலிக்காது மாமா."

டாக்டரின் விரல் எதைத் தேடுகிறது என்று சொல்லிவிட்டுத் தேடும். புரொபசரின் விரல் தேடியது உங்கள் பையை. எந்த விரலுக்குப் பயப்படுவது என்று கொஞ்சம் யோசியுங்கள், மீசைக்காரர்களே. யோசிப்பதற்கு விரலும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.