கெண்டைக்கு ஊசி போட வந்தவர்

ஒரு மனுஷன் மீனுக்கு ஊசி போடுவதைப் பார்த்து இன்னொரு மனுஷனுக்கு வயிறு எரியுமா? எரியும். கோலியனூர் வல்லரசைக் கேட்டுப் பாருங்கள்.

வல்லரசுக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு மீன் குட்டை. குட்டை அவனுடையது, வேலை பூராவும் பெண்டாட்டி தையல்நாயகியுடையது. இடுப்பில் குழந்தையோடு தீனி போடுவாள், வலை அலசுவாள். அவன் கட்டிலில் படுத்தபடி செல்போனில் உலக நாடுகளைக் கவனித்துக்கொள்வான். பேர் அப்படி.

இந்த வருஷம் மீன்குஞ்சு எடுக்கலாம் என்று திண்டிவனத்திலிருந்து குமரேசனை வரவழைத்தாள் தையல்நாயகி. மீனுக்கு ஊசி போடுவதுதான் அவன் தொழில்.

"ஆத்துல மழைத் தண்ணி புதுசா வந்தா மீனு மூளைக்குச் சேதி போவும்க்கா. மூளைக்குக் கீழ மொளகு கணக்கா ஒரு சுரப்பி கீது. மூளை அதை எழுப்பும். அது ஹார்மோனை ரத்தத்துல வுடும். முட்டை பழுத்து வெளிய வரும். குட்டைத் தண்ணி அசையறதே இல்ல. மூளைக்குச் சேதி போவல. அதான் நாம ஊசில குடுக்கறோம்."

தையல்நாயகி வாயைத் திறந்தபடி கேட்டாள். வல்லரசு கட்டிலிலிருந்து அந்த வாயையே பார்த்தான். கல்யாணமான நாளாக அவன் பேச்சுக்கு அது கொட்டாவிக்குத்தான் திறந்திருக்கிறது.

அன்று ராத்திரி சாப்பாட்டிலிருந்து ஆரம்பித்தது.

"குமரேசன் சாரு புடிச்சா மீனு துள்ளவே மாட்டேங்குது மாமா. இன்னா கை அது!"

"கைல இன்னா எழவைத் தடவிக்கினு வர்றானோ."

"ஊசி போட்டுட்டு மீனைத் தடவிக் குடுத்து வுடறாரு. வாயில்லா ஜீவன்கிட்ட எவ்ளோ பாசம்!"

"சாரு இன்னாடி சாரு? தம்பின்னு கூப்புடேன்."

"தெறமைக்கு மரியாதை குடுக்க வேணாவா?"

வல்லரசுக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பும் மீன் குழம்பு. தட்டில் கிடந்த தலைகூட குமரேசன் ஜாடையாகத் தெரிந்தது.

மறுநாள் குமரேசனுக்குப் போன் போட்டான். "இனிமே நீ வராதப்பா. நானே பாத்துக்கறேன்."

"ஐயோ! அவரு இல்லாம எப்படி மாமா?" என்றாள் தையல்நாயகி.

அந்த 'ஐயோ'தான் அவனைக் குட்டைக்குள் தள்ளியது. ஒரு வாரம் தவிடும் மல்லாட்டைப் புண்ணாக்கும் அவனே கரைத்தான். வலையை அவனே அலசினான். துடுப்பு சொரசொரவென்றால் ஆண், வயிறு மெத்தென்றால் பெண் என்று தடவித் தடவிப் படித்தான். ஏழாம் நாள் சாயங்காலம் ஊசியை எடுத்தான். மீன் துள்ளியது. ஊசி அவன் கட்டைவிரலில் இறங்கியது.

"மாமா! அது பொம்பள மீனுக்கு எடுத்த மருந்தாச்சே!"

"வாயை மூடிக்கினு வலையைப் புடி."

அடுத்த ஊசி மீனுக்கே போனது.

விடிந்ததும், ஊசி போட்ட மீன்களை விடக் குட்டையில் கட்டியிருந்த துணித் தொட்டியைப் பார்த்தான். வெந்த ஜவ்வரிசியைக் கொட்டினதுபோல முட்டை! ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு ஓடினான். இன்றைக்கு அவள் அவனை 'சார்' என்று கூப்பிட்டே ஆகவேண்டும்.

அடுப்படி வாசலில் நின்றுவிட்டான். உள்ளே தையல்நாயகி குழந்தைக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டே, செல்போனை ஸ்பீக்கரில் போட்டு, குமரேசன் பெண்டாட்டி பானுப்ரியாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"மீனுக்குன்னா மருந்து வாங்கணும் பானு. இவருக்கு உன் ஊட்டுக்காரரு பேரைச் சொன்னாலே போதும். ஒரு வாரமா குட்டை வேலை பூராவும் இவருதான்."

திண்டிவனத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

"எங்க ஊட்டுக்காரரு இங்க ஒரு சொம்பைக்கூட நகத்தறதில்லக்கா. உங்க மாமாவை ஒரு ஞாயித்துக்கெழமை எங்க ஊட்டுக்கு அனுப்பி வைங்களேன். அவரு சும்மா நின்னா போதும். புகழ்றதை நான் பாத்துக்கறேன்."