காகிதப்பூச் செடிக்கு மூன்று உபகுழு

உலகத்தில் செடி வளர்த்தவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். ஆனால் ஒற்றைச் செடிக்காகத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் அர்ப்பணித்த பெருமை, மலேசியாவின் பத்து பெரண்டாம் ஊரில் ஒரு தாமானை, அதாவது குடியிருப்பைச் சேர்ந்த இந்தியர் முன்னேற்றச் சங்கத்துக்கே உரியது.

சங்கத் தலைவர் ஹரிதாஸுக்கு ஒரே கவலைதான்: மண்டபத்தின் கூரை. மழை பெய்தால் சரியாகத் தலைவர் நாற்காலிக்கு மேல்தான் ஒழுகும். குடை பிடித்தபடியே கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார், பாவம். கூரைக்கு மானியம் தர வேண்டியவர் சட்டமன்ற உறுப்பினர், அதாவது ஒய்.பி. அவரோ திறந்துவைக்க ஏதாவது இருந்தால்தான் வருவார். மண்டபத்தை ஏற்கெனவே இரண்டு முறை திறந்தாகிவிட்டது.

"வாசல்ல புங்ஙா கெர்த்தாஸ், அதான் காகிதப்பூ, அத வச்சு, வளைவு மாதிரி ஏத்தி விடுவோம்ணே," என்றார் செயலாளர் உஷாராணி. "பூத்ததும் 'மலர் வளைவு திறப்பு விழா'ன்னு கூப்பிடலாம். பூவ பார்க்க தலைய தூக்குனா கூரையும் தெரியும் லா."

ஹரிதாஸின் கண் கலங்கியது. கூரைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

காகிதப்பூச் செடி வந்து இறங்கியது. பதவி இல்லாமல் சேவை செய்வது பண்பாடு ஆகாது என்பதால் உபகுழுக்கள் அமைக்கப்பட்டன. பொருளாளர் அப்புசாமி 'நீர்ப்பாசனம்'. உஷாராணி 'உரம்'. ஹரிதாஸ் 'கண்காணிப்பு'.

அப்புசாமி மழை பெய்யும்போதும் ரெயின்கோட் போட்டுக்கொண்டு வந்து தண்ணீர் ஊற்றினார். உஷாராணி ஆட்டெருவை மூட்டை மூட்டையாகக் கொட்டினார். ஹரிதாஸ் கண்காணித்தார். செடி வளைவை மூடிக்கொண்டு பச்சைப்பசேலென்று கொழுத்தது. முள் விரல் நீளம் வளர்ந்தது. பூ மட்டும் இல்லை. ஒய்.பி. தேதி கொடுத்துவிட்டார்.

"வெறும் முள்ளையா திறந்து வைக்கச் சொல்றது?" என்று புலம்பினார் ஹரிதாஸ். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து விழா பேனர் வந்தது. அதில் உஷாராணியின் படத்தைவிட அப்புசாமியின் படம் சிறியது.

"என்ன இது, பாஸ்போர்ட் சைஸ்ல போட்டிருக்கீங்க? தண்ணி ஊத்துறவன் நானு! இனிமே ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்!"

"அவரு ஊத்தலன்னா நான் மட்டும் ஏன் எரு போடணும்? முள்ளு கிழிச்ச சேலைய யாரு தைக்கிறது?"

ஹரிதாஸே ஊற்றியிருக்கலாம். ஆனால் இன்னோர் உபகுழுவின் அதிகாரத்தில் தலையிடுவது சங்க விதிக்கு முரண். ஆகவே செடி வாடுவதை முறைப்படி கண்காணித்தார். வெயில் கொளுத்தியது. இலை சுருண்டது. அவரும் சுருண்டு படுத்தார்.

விழா வாரத்தில் வளைவு முழுக்கப் பூ! இலையே தெரியாத அளவுக்கு ரோஜா நிறம். ஹரிதாஸ் செடியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒய்.பி. வந்தார், ரிப்பன் வெட்டினார். வளைவின் கீழேயே அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடையை முள் பிடித்துக்கொண்டது. இழுத்ததில் சட்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. வாக்காளர்களால் முடியாததை முள் சாதித்தது: ஒய்.பி. அந்தத் தாமானில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றது அன்றுதான்.

சும்மா இருப்பாரா அப்புசாமி? மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பூவுக்குக் காரணம் நான்தான்! நான் தண்ணி ஊத்தாததாலதான் பூத்துச்சு! நெட்ல பார்த்துட்டேன், இந்தச் செடி காஞ்சாத்தான் பூக்குமாம்!"

உஷாராணி மைக்கைப் பிடுங்கினார். "நானும்தான் எரு போடல! அத ஏன் சொல்லல?"

இதுதான் சமயம் என்று ஹரிதாஸ், பொன்னாடையை முள்ளிலிருந்து பிரித்தபடியே கெஞ்சினார்: "ஒய்.பி., மேல கொஞ்சம் பாருங்க... அந்தக் கூரை..."

ஒய்.பி. பூவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மைக்கை வாங்கினார்.

"கவனிக்காம விட்டாத்தான் நல்லா வரும்னு உங்க சங்கமே நிரூபிச்சிருச்சு! இத்தனை வருஷமா உங்க எல்லாரையும் நாங்க அப்படித்தானே வளர்த்துக்கிட்டு வர்றோம்? கூரையையும் அப்படியே விடுங்க!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தலைவர் என்ற முறையில், முதலில் தட்டியவர் ஹரிதாஸ்தான்.