மூணாம் மாடி பாங்காக்கு

ஒரு காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "இது காபியே இல்ல" என்று சொல்லி, அதே மூச்சில் இன்னொரு காபி கேட்கிற தைரியம் திண்டுக்கல்லில் ஒரே ஒரு மனுஷருக்குத்தான் இருந்தது. அவரைப் பாங்காக்கு என்போம். போன மாசம் செத்துப் போனார். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அவரோடு தினமும் மல்லுக்கு நின்றவள் நான்தான், அதனால் நான்தான் எழுத வேண்டும்.

அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. "பாங்காக்குல நான் ஏரோப்ளேன் மாறுனதோட சரி. நான் இருந்தது உடோன். பாங்காக்குலருந்து பஸ்ஸுல ஒரு ராத்திரி போகணும். ஒட்டன்சத்திரத்துக்காரன மெட்ராஸ்காரன்னு சொல்வியா நீ?" என்பார். யார் கேட்டார்கள்? உடோன் என்றால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பாங்காக்கு என்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அங்கே ஒரு பெரிய மாலில், சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற மாடியில், இந்தியக்காரர் கடை ஒன்றில் அவர் பரோட்டா மாஸ்டர். அவர் கல்லுக்கு நேர் எதிரே கண்ணாடி போட்ட காபி ஷாப். அதற்குள், பென்ஷன் வாங்கிக்கொண்டு அந்த ஊரிலேயே பெண் கட்டிக் குடியேறிவிட்ட வெள்ளைக்காரர்கள் மூன்று பேர். மால் திறந்ததும் வருவார்களாம். குறை சொல்வதுதான் அவர்களுக்கு வேலை.

"இங்கிலாந்துக்காரன் ஒரு மடக்கு குடிச்சிட்டு, தீஞ்சு போச்சும்பான். ஜெர்மன்காரன், இந்த மாலு பூராம் தேடியும் கடிக்கிற மாதிரி ஒரு ரொட்டி இல்ல, எல்லாம் பஞ்சு முட்டாயா இருக்கும்பான். ஆஸ்திரேலியாக்காரன் தட்டுல இருக்க கறியக் குத்திப் பாத்துட்டு, என் செருப்பு இதவிட மெதுவா இருக்கும்பான். கடைசியில மூணு பேருமாச் சேந்து, நாளைக்கு வேற கடைக்குப் போவோம்பாங்க. மறுநாப் பாத்தா அதே நாற்காலியில உக்காந்திருப்பாங்க."

ஒன்பது வருஷம் இதைக் கேட்டுக் கேட்டே அவர் இங்கிலீஷ் கற்றுக்கொண்டார். அதனால் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்கக் குறைதான். டூ சுவீட். நாட் ஹாட். லாஸ்ட் இயர் பெட்டர். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்காரர் கொடைக்கானலுக்கு வழி கேட்டிருக்கிறார். இவர் யோசித்து, "கொடைக்கானல்? லாஸ்ட் இயர் பெட்டர்" என்றிருக்கிறார். அந்த ஆள் பழனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாராம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஒரு ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் கட்டினார்கள். அதில் மூணாம் மாடியில் எங்கள் முதலாளி ஒரு காபி ஷாப் திறந்தார். அவருக்குத் தொழில் பூட்டு, பீரோ வியாபாரம். மெட்ராஸில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து ஏசி, கண்ணாடி, மெத்தை நாற்காலி எல்லாம் போட்டார். எனக்குக் காபி போடுகிற வேலை. அவர் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. எங்கள் ஊர் ஜனம் காபியை நின்றுகொண்டுதான் குடிக்கும், அதுவும் ஒரு காலைப் பஸ் படியில் வைத்துக்கொண்டு.

மூணாம் மாடி ஏறி வந்தவர்களும் டாக்டர் வீட்டில் உட்காருகிற மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். ரெட்டியார்சத்திரத்துக்காரர் ஒருவர், "நின்னுக்கிட்டே குடிச்சா ரேட்டக் குறைப்பீகளா?" என்று கேட்டார். இன்னொரு அம்மா கப்பை எட்டிப் பார்த்து, "நுரைய வழிச்சுப் போட்டுட்டு நெறைய ஊத்து தாயி" என்றார்.

முதலாளி சொல்லிவிட்டார். "தீபாவளி வரைக்கும் பாப்பேன். ஆள் வரலேன்னா செல்போன் கடைக்கு விட்டுருவேன்." அவருக்கு ஒரு கடை குறையும், அவ்வளவுதான். நான் மில்லுக்குத் திரும்ப வேண்டும். பதினாலு வயசில் நூல் மில்லுக்குப் போனவள் நான். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, படுத்தால் மூச்சு வாங்கும், சுவரில் சாய்ந்தபடிதான் தூங்குவேன். செத்தாலும் அங்கே போவதில்லை, இந்தக் கடையை ஓட வைத்தே தீருவது என்று முடிவு பண்ணினேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் பாங்காக்கு வந்தார். வேட்டி சட்டை, தலையில் வெளிநாட்டுத் தொப்பி. நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த நாற்காலியின் முதுகு அன்றைக்குத்தான் முதல் ஆளைப் பார்த்தது.

"தாயி, இதுக்கு என்ன பேரு?"

"காபிய்யா."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"போர்டுல போட்டிருக்குல்லய்யா."

"போர்டு நல்லா இருக்கு. இன்னொரு காபி கொண்டா."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்து, "கசக்குது" என்றார். பக்கத்து மேசையில் வெயிலுக்கு ஒதுங்கியிருந்த ரிட்டயர்டு டிரில் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. "காபி கசக்காம கல்கண்டாவா இருக்கும்?" என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அங்கெல்லாம் ஐஸ் காபியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி உறிஞ்சுகுழல் போட்டுத் தருவார்கள் என்று இவர் பெருமையாகச் சொன்னால், "இதுக்கா ஏரோப்ளேன்ல போன? நம்ம டீக்கடையில பார்சல் டீ எதுலய்யா கட்டுறான், பித்தளைக் குடத்துலயா?" என்பார் அவர். சண்டையை வேடிக்கை பார்க்கக் கீழ்க்கடை ஆட்கள் ஏறி வந்தார்கள். வந்தவர்கள் சும்மா நிற்க முடியாமல் காபி சொன்னார்கள். கட்சி கட்டினார்கள். கடை லேசாக உயிர் பிடித்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். நகை எடுக்க வந்த ஒரு குடும்பம் உள்ளே நுழைகிறது. பாங்காக்கு அவர்களைப் பார்த்து, "சாண்ட்விச்சு வேணாம்மா. அது காலையிலருந்து கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கு, என்னய மாதிரி" என்றார். குடும்பம் அப்படியே திரும்பிவிட்டது.

"நாளையிலருந்து அந்தாளு உள்ள வரக்கூடாது. நீயே சொல்லிரு" என்று முதலாளி போய்விட்டார்.

சொன்னேன். பாங்காக்கு தொப்பியை எடுத்து மாட்டினார். "ஏசியப் பத்தியும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். சரி விடு" என்று இறங்கிப் போனார்.

மறுநாள் டிரில் வாத்தியார் வந்தார். குடித்துவிட்டு, "காபி நல்லாத்தான் இருக்கு" என்று சத்தமாகச் சொன்னார். சுற்றிப் பார்த்தார். இல்லை என்று சொல்ல ஆளில்லை. மிச்சத்தை நின்றுகொண்டே வாயில் ஊற்றிவிட்டுக் கிளம்பினார். ஒரு வாரத்துக்குள் கடையில் நானும் ஏசியும் சாண்ட்விச்சும்தான் மிச்சம்.

விலாசம் விசாரித்து நாகல்நகரில் அவர் குடியிருந்த ஒற்றை அறைக்குப் போனேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குக் கடைக்கு வாங்கய்யா."

"மொதலாளி?"

"அத நான் பாத்துக்கிறேன்."

"அந்த வெள்ளைக்காரங்க காபிக்கா வந்தாங்கன்ற? வீட்டுல பொண்டாட்டிட்ட அவ பாஷையில கொறை சொல்லத் தெரியாது. அதான் அங்க வந்து காபிய வையிறாங்க. நான் ஒம்பது வருசம் நின்னுக்கிட்டே பாத்தேன் தாயி. எண்ணெய்ச் சட்டையோட அந்தக் கண்ணாடிக்குள்ள போயி உக்கார முடியுமா? ஊருக்குப் போயி ஒரு கண்ணாடிக் கடையில சாஞ்சு உக்காந்து, காபி சரியில்லன்னு சொல்லிட்டுத்தான் சாகுறதுன்னு ஒரு வைராக்கியம்."

"அதான் சொல்லிட்டீகள்ல."

"எங்க சொல்ல விட்ட? நீதான் வெரட்டிட்டியே."

மறுநாள் நானே கூட்டிக்கொண்டு வந்து அவர் நாற்காலியில் உட்கார வைத்தேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "நான் சொன்னது காதுல விழுகலயா?" என்றார்.

"விழுந்துச்சுண்ணே. இவரு இல்லாத வாரம் ஒரு ஈ காக்கா வரல. தீபாவளி வரைக்கும் இருக்கட்டும். அப்பயும் ஆள் வரலேன்னா அவரும் போறாரு, நானும் போறேன்."

முதலாளி பதில் சொல்வதற்குள் பாங்காக்கு வாயைத் திறந்தார். "மொதலாளி, ஏசி ரொம்பக் கூடுதலா இருக்கு."

அவர் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் மூணாம் மாடிப் படியில் மூச்சிரைக்க ஏறி வந்த டிரில் வாத்தியார் காதில் அது விழுந்துவிட்டது. "கூடுதலா? யோவ், எனக்கு இங்க வேர்த்து ஊத்துது."

"ஒனக்கு ஏசியில வேர்க்கலய்யா, வயசுல வேர்க்குது."

"போன வாரந்தான் சர்வீஸ் பண்ணுனேன்" என்று முதலாளி குறுக்கே விழுந்தார். "எவன் பண்ணுனான்?" என்றார் பாங்காக்கு. சத்தம் கேட்டுக் கீழிருந்து ஆள் ஏறி வந்தது. கூடுதல் என்று ஒரு கட்சி, குறைச்சல் என்று ஒரு கட்சி. முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் கடையில் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்து, ரெண்டு காபி குடித்தார். பாங்காக்கை விரட்டச் சொன்ன விஷயம் அவருக்கே மறந்துவிட்டது.

தீபாவளிக்கு முன்னால் செல்போன் கடைக்காரர் இடம் பார்க்க வந்தார். உட்கார நாற்காலி கிடைக்காமல், நின்றுகொண்டே ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் மில்லுக்குப் போகவில்லை. இப்போது படுத்துத்தான் தூங்குகிறேன்.

அதற்கப்புறம் வருஷக்கணக்கில் ஒருநாள் தவறாமல் வந்தார். ஒருநாள்கூட என் காபியை நல்லதென்று சொல்லவில்லை. நானும் விடவில்லை. "பிடிக்கலேன்னா ஏன் வாரீக?" என்பேன். "பிடிக்கலேன்னு வேற எங்க போயிச் சொல்றது?" என்பார்.

போன மாசம் ஒரு காலையில் அவரைக் காணவில்லை. டிரில் வாத்தியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார். திரும்பி வந்து படியிலேயே நின்றார். பாங்காக்குக்கு ராத்திரி தூக்கத்திலேயே நெஞ்சடைத்து உயிர் போயிருக்கிறது. முதலாளியைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, நானே ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.

நாகல்நகர் அறைக்குப் போனேன். நத்தத்திலிருந்து அவர் அக்கா வீட்டு ஜனங்கள் வந்திருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு பெயர் போட்டிருந்தது. நான் வாசல் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தேன். எங்க அப்பா செத்தபோது நான் சின்னப் பிள்ளை, இப்படி அழத் தெரியாது. அவருடைய அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"ஏத்தா, நீ அவனுக்கு என்ன முறை வேணும்?"

"எங்க கடைக்குத் தெனமும் வருவாரும்மா" என்றேன்.

அந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டார். "அப்ப ஏன் அங்கிட்டு நிக்கிற? முன்னால வா."

நான் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.