பதினோராம் கட்டம்: பயன்

ஆராய்ச்சி நிதி கேட்டுப் பேராசிரியை கொடுத்த விண்ணப்பம், சுகாதாரத் துறைக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. மேலே குண்டூசியில் ஒரு சீட்டு: "ரத்தம் சேமிக்கும் குளிர்பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறிப்பிடவும்."

ரத்தத்தைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. வாயுவைக் கடுமையாகச் சூடாக்கினால் எலக்ட்ரான்கள் அணுக்களை விட்டுப் பிரிந்து, அது ஒளிரத் தொடங்கும். அதற்குப் பெயர் பிளாஸ்மா. அவருடைய முப்பது வருட வேலை அதுதான். ரத்தத்திலும் அதே பெயரில் ஒன்று இருந்து தொலைத்தது.

நிதி வழங்கும் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"சார், இது வேற பிளாஸ்மா. சூரியன்ல இருக்கிறது."

"அதைத் தெளிவா எழுதிக் கொடுங்க மேடம். நாங்க என்ன ஜோசியமா பார்க்கிறோம்?" என்றார் பிரிவு அலுவலர்.

தெளிவாக எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து எரிசக்தித் துறை கேட்டது: "சூரியத் தகடுகள் பொருத்தக் கூரையின் பரப்பளவு என்ன?"

ஆய்வகத்தில் அந்தக் கடிதத்தைப் பம்ப்காரரும் படித்தார். பிளாஸ்மா ஒளிரும் கண்ணாடிக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப்பைப் பத்தொன்பது வருடமாகப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்பவர். ஒப்பந்த ஊழியர். மாதக் கடைசிக்குள் நிதி வராவிட்டால் அவருக்கு வேலை இல்லை.

"மின்னலும் பிளாஸ்மாதானே மேடம்? அப்படியே எழுதுங்க. மின்னல் யாருக்குத் தெரியாது?"

எழுதினார். பேரிடர்த் தடுப்புத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து, ஆய்வகக் கதவில் சிவப்பு நாடா ஒட்டிச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே பம்ப் நின்றுவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். ஆறு மாத உழைப்பு மண்ணாகும். பம்ப்காரர் கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"ஓடிட்டுதான் இருக்கு மேடம். நீங்க வீட்டுக்குப் போங்க. நான் இங்கயே இருக்கேன்."

மறுநாள் காலை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர் கேட்டார்.

"விண்ணப்பப் படிவத்துல, பதினோராவது கட்டத்துல பயன்னு கேட்டிருக்கானே, அதுல என்ன எழுதின?"

"எல்லாரும் எழுதுறதுதான். மருத்துவம், மின்சாரம், விவசாயம்."

"நிஜமாவா?"

"தெரியாதுங்க. இதனால என்ன வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"அப்போ அதையே எழுதேன். இதுக்கு மேல கெட்டுப்போக என்ன இருக்கு?"

புதுப் படிவம் வாங்கி, அலுவலக வராந்தாவில் நின்றபடியே எழுதினார். 'இப்போதைக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. குழாய்க்குள் அந்த ஒளி ஏன் துடிக்கிறது என்று அறிய விரும்புகிறோம்.'

நான்கே நாளில் கூப்பிட்டார்கள். கேட்டது முழுவதும் அனுமதி. கூடவே ஆய்வகக் கதவின் சீல் அகற்றும் உத்தரவு. போனில் செய்தி கேட்ட பம்ப்காரர், "பம்ப் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு மேடம்" என்றார்.

ஆணையைக் கொண்டுவந்து நீட்டிய அலுவலக உதவியாளரிடம், பேராசிரியை சொன்னார்: "உண்மைக்கு இன்னும் மரியாதை இருக்குப்பா."

உதவியாளர் கையெழுத்து வாங்கும் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"அதெல்லாம் இல்லீங்க மேடம். பயன் இருக்குன்னு எழுதினவங்ககிட்ட, அது வந்துச்சான்னு வருஷா வருஷம் எங்க பிரிவு அலுவலர் அய்யா நேர்ல போய்ப் பார்த்து அறிக்கை எழுதணும். உங்க ஃபைல்ல மட்டும்தான் போய்ப் பார்க்க ஒண்ணுமே இல்ல."