மான் கடித்த ஏசி

நிலாவெளியிலிருந்து சீனன்குடா வரைக்கும் எத்தனை ஹோட்டல், எத்தனை ஆபீஸ், எத்தனை வீடு இருக்கிறதோ, அத்தனையிலும் ஏசி பூட்டிய கை இது.

பொய். ஒரே ஒரு ஹோட்டல். நிலாவெளியில், மூன்று நாள். அந்த மூன்று நாளும் இந்தக் கை ஏணியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. மேலே நின்று ஏசி பூட்டியவர் கிண்ணியா நளீம் அண்ணன், நாங்கள் சொல்கிற மாதிரி நளீம் நானா. கீழே நின்று "நானா, கவனம்" என்று சொன்னவன் நான். (அதுவும் இரண்டு தரம்தான். மூன்றாம் தரம் அவர் "வாய மூடிட்டு ஏணியப் பிடிங்க தம்பி" என்றுவிட்டார்.)

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் ஆட்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் படித்ததுதான். ஏணிக்குக் கீழே நிற்கிறவனுக்கு மேலே நடக்கிறது எல்லாம் தெரியும். என்ன, நானாவின் செருப்பின் அடிப்பக்கம் கொஞ்சம் கூடத் தெரியும், ஏசி கொஞ்சம் குறையத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் தங்கச்சி சுபா பொம்பிளை சோடிக்கிற, அதாவது கல்யாணப் பெண்ணை அலங்கரிக்கிற வேலை படித்து முடித்து, திருகோணமலைத் துறைமுகப் பக்கம் போகிற தெருவில் ஒரு பழைய வீட்டை எடுத்து, முன் அறையில் கடை தொடங்கினாள். அவளுடைய மாமியாருக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

"பொம்பிளை சோடிக்க ஒரு கடையோ? ஒரு கண்ணாடியைக் கையில குடுத்தா அவளவை தங்கட பாட்டில சோடிப்பாளவை. மூண்டு மாசம் ஓடட்டும், பிறகு கதைப்பம்," என்று மாமி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டா.

பதிலுக்கு சுபா, கடை திறக்கிற நாளிலேயே ஒரு பொம்பிளையைப் பிடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை திறப்பு. அப்படியே அந்தப் பிள்ளைக்கு அலங்காரம். பகல் ஒரு மணிக்குத் தாலி கட்டு. பொம்பிளையோடு வருகிற பத்துப் பெண்களும் போய் என்ன சொல்கிறார்களோ, அதுதான் கடையின் தலைவிதி.

கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதம் அது. முகத்தில் பூசுகிற பூச்சு கழுத்துக்கு இறங்க ஐந்து நிமிடம் போதும். அதனால் சுபா ஒரு ஏசி வாங்கி வைத்திருந்தாள். பூட்ட வேண்டியதுதான் பாக்கி.

நளீம் நானாவைக் கேட்டாள். "தங்கச்சி, வெள்ளிக்கிழமை காலையில நிலாவெளியில வேலை. அது முடிய ஜும்மாத் தொழுகை. சனிக்கிழமை விடிய வந்து பூட்டித் தாறன்," என்றார் அவர். ஐயரோ வெள்ளி காலையை விட்டால் அடுத்த நல்ல நாள் பதினைந்து நாள் கழித்து என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"நளீம் நானா என்னத்துக்கு? நான் பூட்டித் தாறன்."

"அண்ணா, உங்களுக்குத் தெரியுமோ?"

"நிலாவெளியில பதினாறு ஏசி பூட்டினனான்."

(பதினாறு ஏசி பூட்டும்போது அங்கே இருந்தேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?)

சுபா என்னை நம்பினாள். இதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் முள்ளாகக் குத்துகிற இடம். மற்ற எதற்கும் நான் வெட்கப்படுகிறதில்லை.

நளீம் நானாவிடம் போய் ட்ரில்லும் ஸ்பானரும் பம்பும் இரவல் கேட்டேன். மனுசன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓட்டை மட்டும் போட்டு வைங்க. ஓட்டை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சிருக்கணும், தண்ணி வெளிய போக. கறண்டுக்குத் தனி வயர், தனி பிரேக்கர். வேற ஒண்டுலயும் கை வைக்காதீங்க."

"ஓம் நானா."

"பம்ப் என்னத்துக்கு?"

"பாத்து வைக்கத்தான் நானா."

வியாழக்கிழமை ஓட்டை போட்டேன். உள்ளே ஏணி வைத்தால் பிடிக்க ஆள் இல்லை. (ஏணி பிடிக்கிறவனுக்கு ஏணி பிடிக்க யார் இருக்கிறார்கள்? இதை யாரும் யோசிப்பதில்லை.) ஆகவே வெளியே தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, ட்ரில்லைக் கீழ்நோக்கி அமத்தினேன். சுகமாக இறங்கியது. ஓட்டை சரிந்துதான் இருந்தது. வெளிப்பக்கம் அல்ல, உள்பக்கம்.

தனி வயர் இழுக்க நேரமில்லை. குசினியில் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு பிளக் இருந்தது. அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, ஏசிக்குக் கீழே சின்ன மேசையில் வைத்தேன். மேசைக்கு ஒரு பூத்துணியும் போட்டேன். அழகு முக்கியம்.

வெள்ளி காலை வெளிப் பெட்டியை நான்கு சீமெந்துக் கல்லின் மேல் வைத்து, செப்புக் குழாய்களைப் பூட்டி, பம்பைக் கொழுவினேன். குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் அந்தப் பம்ப் உறிஞ்சி எடுக்க வேண்டும். நிலாவெளியில் நளீம் நானா ஒவ்வொரு ஏசிக்கும் அதை அரை மணித்தியாலம் ஓட விடுவார். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த அரை மணித்தியாலத்தில்தான் நான் நித்திரை கொள்கிறது.

பம்ப் ஓடத் தொடங்கி நான்கு நிமிடம் இருக்கும். உள்ளே ஐயர் மணி அடித்தார்.

"தம்பி, பத்தரைக்கு இராகு காலம். இன்னும் ஆறு நிமிசம்தான் இருக்கு," என்றார்.

மாமி வாசலுக்கு வந்தா. "இராகு காலத்தில சுவிட்ச் போட்டா அந்தக் கடை விளங்கினாப் போலதான். நான் சொல்லிறதைச் சொல்லிப்போட்டன்."

சுபா யன்னலால் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, அந்த மெசின் ஓடி முடிய வேணுமோ?"

வேணும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு பக்கம் நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, மறுபக்கம் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. எது விஞ்ஞானம், எது சடங்கு என்று நான் முடிவெடுத்தேன்.

"தேவையில்ல. இது சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு ஓட விடுறது."

பம்பைக் கழற்றினேன். குளிர் தருகிற காஸைத் திறந்தேன். குழாய் சேர்கிற ஒரு பூட்டில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் வெள்ளையாகி விறைத்துப் போனது. குளிர் வருகிறது, மெசின் நல்ல மெசின் என்று சந்தோசப்பட்டேன். பத்து இருபத்தொன்பதுக்கு ஐயர் கற்பூரம் காட்ட, சுபா சுவிட்சைப் போட்டாள்.

குளிர் வந்தது. சத்தியமாக வந்தது. வந்த பெண்கள் எல்லாரும் "ஆ" என்றார்கள். மாமி இருந்ததிலேயே நல்ல கதிரையை இழுத்து ஏசிக்கு நேர் கீழே போட்டுக்கொண்டு அமர்ந்தா. சுபா பொம்பிளையைக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தி வேலையைத் தொடங்கினாள். நான் வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தேன். வாசலில் கட்டிய வாழையை ஒரு மான் மென்றுகொண்டிருந்தது. திருகோணமலையில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாடு போல, ஓட்டோ போல, மானும் தெருவில் போகும். ஆனால் அந்த மானை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது நிமிடம் போயிருக்கும். மாமி உச்சந்தலையைத் தடவினா.

"என்ர தலையில என்னவோ விழுது."

"அது ஏசி வேர்க்குது மாமி."

"குளிருக்கு வாங்கின மெசினுக்கு வேர்க்குதோ?"

பிறகு சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. வெளியே போக வேண்டிய தண்ணீர், நான் போட்ட ஓட்டையில் ஏற முடியாமல் திரும்பி வந்தது. வெளிப் பெட்டி கடகடவென்று வயிற்று வலிக்காரன் போல முனகியது. பூத்துணி நனைந்தது. டப் என்று ஒரு சத்தம். ஏசி, மின்விசிறி, விளக்கு எல்லாம் நின்றன.

குசினி வாசலில் இருந்த, ஆபத்து வந்தால் கறண்டை நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன். விழுந்தது. மீண்டும் தூக்கிவிட்டேன். மீண்டும் விழுந்தது.

"ஆராவது ஒரு தடி தாங்கோ, முட்டுக் குடுத்து வைப்பம்," என்றேன்.

சுபா வந்தாள். கையில் பவுடர் பிரஷ். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விசயம் முடிந்திருக்கும்.

"கையை எடுங்கோ அண்ணா."

"இல்ல சுபா, இது கொஞ்சம் இறுக்கம் காணாது..."

"அது ஆரையோ காப்பாத்தத்தான் விழுது. கையை எடுங்கோ."

அவள் மெயின் சுவிட்சை நிறுத்தி, பிளக்கை இழுத்துக் கழற்றி, என்னை முன் அறைக்குக் கூட்டிப் போய், மேசையிலிருந்த பூத்துணியைத் தூக்கிக் காட்டினாள். எக்ஸ்டென்ஷன் வயரின் பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. மேசையிலிருந்து ஒழுகிய தண்ணீர் நிலத்தில் ஒரு கோடாகப் போயிருந்தது. அந்தக் கோடு முடிந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, மருதாணி போட்ட இரண்டு வெறுங்கால்கள்.

அன்றைக்கு முதல் தரமாக, கதை விடாமல் ஒரு துணியை எடுத்து நிலத்தைத் துடைத்தேன்.

"மூண்டு மாசம் எண்டு சொன்னனான். மூண்டு மணித்தியாலம் கூட ஓடாது போல," என்றா மாமி.

ஏசியின் பிளக் கழன்றதால் மெயினைப் போட்டதும் விளக்கும் மின்விசிறியும் வந்தன. ஆனால் அறை அடுப்பாகிவிட்டது. பொம்பிளையின் நெற்றியில் முதல் வேர்வைத் துளி. சுபா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் ஓடினேன்.

எங்கே ஓடினேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதை மட்டும் எங்கள் வீட்டில் வசதியாக மறந்துவிடுவார்கள். மீன்பிடித் துறைக்கு ஓடினேன். மீன்பிடிப் படகுக்கு ஐஸ் ஏற்றுகிற இடத்தில் ஒரு முழுக் கட்டியை வாங்கி, மீன் பெட்டியில் வைத்து, ஓட்டோவில் மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். பொம்பிளைக்குத் தள்ளி, தண்ணீர் படாத பக்கமாக ஸ்டூலில் மேசை விசிறியை வைத்து, அதற்கு முன்னால் பெட்டியை வைத்தேன். (வயர் நிலத்தில் கிடக்கவில்லை. அவ்வளவு புத்தி அதற்குள் வந்துவிட்டது.)

பொம்பிளைக்கு அப்போதுதான் பொய் இமை மயிர் ஒட்டியிருந்தது. பத்து நிமிடம் கண் திறக்கக்கூடாது. பெட்டியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"இப்பதான் அக்கா ஏசி நல்லா வேலை செய்யுது."

"ஓம்மா," என்றாள் சுபா.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏனக்கா கடல் மணக்குது?"

"யன்னல் திறந்து கிடக்கு."

அந்தப் பதிலுக்கு மாமி சிரித்துவிட்டா. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தா. சிரித்து முடித்து எழும்பி வந்து, பெட்டியைக் கொஞ்சம் கிட்டத் தள்ளிவிட்டா. "விசிறியின்ர வேகத்தைக் கூட்டி வை," என்றா என்னிடம். மாமி அந்தக் கடைக்குச் செய்த முதல் வேலை அது.

பொம்பிளை பன்னிரண்டே காலுக்கு வெளியே போனாள். பூச்சு ஒரு இடத்திலும் கலையவில்லை. வந்த பத்துப் பெண்களும் போய் என்ன சொன்னார்களோ தெரியாது, அடுத்த மாதம் ஆறு பொம்பிளைகள் வந்தார்கள்.

ஜும்மா முடிந்து, இரவல் தந்த சாமான்களை எடுக்க நளீம் நானா வந்தார். வந்தவர் ஓட்டையைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், வெளியே போய்க் குழாயைப் பார்த்தார். காஸ் எல்லாம் போயிருந்தது. எல்லாரும் சுற்றி நின்றார்கள். எனக்கு எங்காவது ஒரு பிடி வேண்டியிருந்தது. வாசலில் அந்த மான் இன்னும் வாழையோடு நின்றது.

"மான் கடிச்சுப்போட்டுது நானா," என்றேன். "குழாயை. நான் பாத்தனான்."

நளீம் நானா குழாய்ப் பூட்டைக் கையால் திருகினார். ஸ்பானரால் இறுக்கியிருக்க வேண்டிய அது லேசாகச் சுழன்றது. அவர் மானையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"தம்பி, மானுக்குப் பல்லு இருக்கு. ஸ்பானர் இல்ல."

போச்சு. அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் மான். ஓட்டோ டயரில் காற்றுப் போனால் மான். சுபாவின் மகள் கணக்குப் பரீட்சையில் குறைந்த புள்ளி எடுத்துவிட்டு வந்து, "மான் கடிச்சிட்டுது அம்மா," என்றாள். நளீம் நானா பிறகு புது ஓட்டை போட்டு, தனி பிரேக்கர் வைத்து, பம்பை முழுசாக அரை மணித்தியாலம் ஓட விட்டு அந்த ஏசியைப் பூட்டித் தந்தார். அது இன்றைக்கும் ஓடுகிறது. என் பழைய ஓட்டையைச் சுபா அடைக்க விடவில்லை. அதற்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மானை வைத்திருக்கிறாள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் தலை குனிய மாட்டேன். தலை குனிந்தால் ஏணி ஆடும். அன்றைக்கு அந்தப் பிள்ளையைக் குளிர வைத்தது ஏசியா, இந்தக் கையா? நியாயத்தைச் சொல்லுங்கள். இன்னொரு விசயமும் இருக்கிறது, வீட்டில் யாரும் அதைச் சொல்வதேயில்லை. இமை காய்ந்து பொம்பிளை கண்ணைத் திறந்தாள் அல்லவா, திறந்ததும் முதலில் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு என்ன கேட்டாள் தெரியுமா, அவள்...

"அண்ணா! அங்க இருந்து என்ன எழுதுறீங்கள்? நளீம் நானா ரெண்டாவது அறைக்கு ஏசி பூட்ட ஏறிட்டார். ஏணி ஆடுது."

"வாறன், வாறன்."

"கெதியா வாங்கோ. விழுந்தாப் பிறகு மான் தள்ளினது எண்டு சொல்லக்கூடாது."

போக வேண்டும். நிலாவெளியிலிருந்து சீனன்குடா வரைக்கும் என்னைப் போல ஏணி பிடிக்க ஆள் இல்லை. இது பொய்யில்லை. மேலே நிற்கிறவரைக் கேட்டுப் பாருங்கள்.